கனடாக் குளிருக்குப் போகும் திருகோணமலைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார்த்திகை பிறந்தால் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். மகளுக்குப் பேறு பார்க்கப் போகிற அம்மா, ஜனவரியில் படிப்புத் தொடங்கும் பிள்ளை, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் நிற்கப் போகிற அப்பா என்று நிலாவெளியிலிருந்து மூதூர் வரை ஆட்கள் கேட்பார்கள். பல குளிர்காலம் ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் இருந்துவிட்டு இப்போது உப்புவெளியில் இருக்கிறேன், அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், ஆகவே பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். ரொறன்ரோவை வைத்து எழுதினாலும் மொன்றியல், எட்மன்ரன் போகிறவர்களுக்கும் பொருந்தும், அங்கே குளிர் இன்னும் கடுமை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பனிப்புயல் அடிக்கும் நாளில் யாரும் வெளியே போவதில்லை. நம்முடைய ஆட்கள் மாட்டிக்கொள்வது ஐந்து நிமிட வேலையில்தான், அதோடு “பரவாயில்லை பிள்ளை, எனக்குக் குளிரவில்லை” என்று சொல்லும் அந்தக் கூச்சத்திலும்தான்.

மாரியில் வாடைக்காற்று அடிக்கும்போது இங்கேயும் கூதல்தானே, அதைத் தாங்கின உடம்புக்கு அது பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். திருகோணமலையில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை வழமையாக 24 பாகையை ஒட்டித்தான் இருக்கும், அதற்கே நாம் போர்வை தேடுகிறோம். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் குளிர் எப்படிக் கொல்லும் என்பதை நாம் இங்கேயே பார்த்திருக்கிறோம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்துபோன நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்து விழுந்தன, நம்முடைய மாவட்டத்திலும்தான். அன்று இங்கே எதுவும் உறையவில்லை, வெப்பநிலை பூச்சியத்துக்கு எவ்வளவோ மேலே இருந்தது. விடாத மழையில் நனைந்த உடம்பில் காற்று ஓயாமல் அடித்தது, ஒதுங்க இடமில்லை, அவ்வளவுதான். ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு எவ்வளவு வேகமாகப் பறிபோகும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம். கனடாவில் இதே இரண்டோடு மைனஸ் 20 உம் சேர்ந்து வரும்.

வானிலையில் “மைனஸ் 15, காற்றோடு மைனஸ் 26” என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

வெளியே போகும்போது இரண்டாவதை. மைனஸ் 15 என்பது காற்றின் வெப்பநிலை. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் திறந்திருக்கும் தோல் மைனஸ் 26 இல் காற்றில்லாமல் நிற்பதுபோல் சூட்டை இழக்கும். நம் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய சூடான படலம் எப்போதும் இருக்கும், காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

கனடா வானிலைத் துறையின் கணக்குப்படி, காற்றோடு சேர்ந்த அளவு மைனஸ் 28 இலிருந்து மைனஸ் 39 வரை என்றால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40 இலிருந்து மைனஸ் 47 வரை என்றால் 5 முதல் 10 நிமிடம். ரொறன்ரோவில் மைனஸ் 40 மிக அரிது, ஆனால் வினிபெக்கில் அது கேள்விப்படாத ஒன்றல்ல. பஸ் தரிப்பில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் தொப்பி போடச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டி வராது.

இங்கேயே நல்ல தடிப்பான ஜக்கெற் வாங்கிக்கொண்டு போகட்டுமா?

வேண்டாம். இங்கே தடிப்பு என்று விற்பது நுவரெலியாவுக்குக் காணும், ரொறன்ரோ ஜனவரிக்குக் காணாது. அங்கே இருக்கும் ஆட்களிடம் ஒரு ஜக்கெற், தொப்பி, கையுறை, பனிச்சப்பாத்து நான்கையும் விமான நிலையத்துக்கு உள்ளேயே கொண்டுவரச் சொல்லுங்கள். காரில் வைத்திருக்கிறோம் என்பார்கள், வாகனத் தரிப்பிடம்வரை நடக்கும்போதே காது விறைத்துவிடும்.

ஒரே தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது, அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. உள்ளே உடம்போடு ஒட்டின தேர்மல், நடுவில் கம்பளி, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜக்கெற். உள்ளுடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், நடந்து வியர்த்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த ஈரமே உங்களைக் குளிரப்பண்ணும். விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை, விரல் பிரித்த கையுறையைவிடச் சூடு. சப்பாத்தை ஒரு அளவு பெரிதாக எடுங்கள், இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சொக்ஸ் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் வேகமாக விறைக்கும்.

அம்மா சேலை தவிர வேறு உடுக்க மாட்டா. என்ன செய்வது?

சேலையோடே போகலாம். உள்ளே தேர்மல் காற்சட்டையும் முழுக்கை தேர்மல் சட்டையும் போட்டுவிட்டு மேலே உள்பாவாடை, சேலை, அதற்கு மேல் முழங்காலுக்குக் கீழே வரும் நீளமான கோற். கரை பனியில் இழுபட்டு நனையாமல் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்ட வேண்டும்.

கோயிலுக்குப் போகிறவர்கள் கைப்பையில் ஒரு சோடி காய்ந்த சொக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் எல்லோருடைய சப்பாத்திலிருந்தும் உருகின பனி தண்ணீராக நிற்கும், அதில் சொக்ஸோடு மிதித்துவிட்டு பூசை முடியும்வரை ஈரக்காலோடு நின்று, அதே ஈரத்தோடு திரும்பவும் சப்பாத்துக்குள் காலை விட்டு வெளியே போகிறார்கள். தைப்பொங்கலன்று இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுக்காது.

முகத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் குளிர் தாக்காதாமே?

தாக்கும். தோல் வெடிப்பதற்கு எண்ணெய் நல்லது, உறைவதைத் தடுக்காது, பூசிவிட்டோம் என்ற நம்பிக்கையில் முகத்தை மூடாமல் போவதுதான் இதில் கேடு. மப்ளரால் மூக்கும் கன்னமும் மூடுங்கள். இன்னொன்று, தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், சூடாக்கின வீட்டுக்குள்ளும் போத்தலில் கட்டியாகத்தான் இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று வீசிவிடாதீர்கள்.

குப்பை போட, கடிதம் எடுக்க இரண்டு நிமிடம் வெளியே போவதற்கும் இவ்வளவு உடுக்க வேண்டுமா?

வேண்டும், இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நான் இருந்த தெருவில் ஊரிலிருந்து வந்த ஒரு ஐயா, சாறமும் மெல்லிய சுவெற்றரும் ரப்பர் செருப்புமாகக் குப்பை வாளியை வீதியோரம் வைக்கப் போனார். பின்னால் காற்றுக் கதவைச் சாத்திவிட்டது, அங்கே பல வீட்டுக் கதவு சாத்தினதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். மகனும் மருமகளும் வேலையில், போன் வீட்டுக்குள், பக்கத்து வீட்டு மனிதரோடு ஒரு நாளும் கதைத்ததில்லை. கூச்சத்தில் அந்தக் கதவைத் தட்டாமல் படியிலேயே குந்தியிருந்திருக்கிறார். தபால் போட வந்த பெண் கண்டு சத்தம் போட்டதால்தான் தப்பினார், அதற்குள் கால் விரல்கள் நிறம் மாறிவிட்டன.

ஆகவே, கதவுக்கு வெளியே ஒரு கால் வைத்தாலும் ஜக்கெற், சப்பாத்து, பையில் திறப்பு, போன். போனை உட்பையில் உடம்போடு வையுங்கள், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும். அங்கே போய்ச் சேர்ந்த முதல் கிழமையே பக்கத்து வீட்டுக்காரரிடம் பிள்ளைகளோடு போய் ஒரு தடவை முகம் காட்டிவிட்டு வாருங்கள். மாட்டிக்கொண்டால் எந்தக் கதவையும் தட்டலாம், அந்தக் குளிரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தோல் உறைந்துவிட்டதென்று எப்படித் தெரியும்?

வலி நின்றுவிடும், அதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. முதலில் சுள்ளென்று குத்தும், பிறகு மரத்துப்போகும், மரத்ததும் “இப்போது பரவாயில்லை” என்று தோன்றும். மூக்கு நுனி, காது, கன்னம், விரல்கள்தான் முதலில் போகும். அங்கேயுள்ள அறிவுறுத்தல்களில் தோல் சிவந்து வெளுக்கும் என்று எழுதியிருக்கும், நம்முடைய நிறத்தில் சிவப்புத் தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் வெளிறி, தொட்டால் மெழுகுபோல் கெட்டியாக இருந்தால் அதுதான். தன் மூக்கு தனக்குத் தெரியாது, இரண்டு பேர் போனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்ததும் மோதிரத்தைக் கழற்றுங்கள், விரல் வீங்கும். 37 முதல் 39 பாகைச் சூட்டுத் தண்ணீரில், அதாவது கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், அரை மணி நேரம்போல வைத்திருங்கள். சூட்டை இன்னொருவர் பார்க்க வேண்டும், மரத்த கைக்குக் கொதிதண்ணீரும் தெரியாது. உணர்ச்சி திரும்பும்போது நன்றாக நோகும். தேய்க்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது, ஹீற்றருக்கு முன்னால் நீட்டவும் கூடாது. நம்முடைய கை தானாகவே தேய்க்கத்தான் போகும், உறைந்த தசை அப்போதுதான் சிதையும். திரும்பவும் குளிருக்குள் போக வேண்டிய நிலைமை என்றால் சூடாக்கவே வேண்டாம், உருகி மறுபடி உறைந்தால் சேதம் இரட்டிப்பு. கொப்புளம் வந்தாலோ நிறம் திரும்பாவிட்டாலோ ஆஸ்பத்திரிதான்.

உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிட்டால்?

உடம்பின் உட்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது உயிர் ஆபத்து. நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், கையில் எடுத்தது விழுதல், கால் தடுமாறல், என்ன நடக்கிறதென்று விளங்காத ஒரு மந்தம். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியானால் நல்லாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிவிட்டது. உடனே 911, அங்கே அவசர உதவிக்கு அழைக்கும் இலக்கம்.

வரும்வரை உள்ளே கொண்டுபோய் ஈர உடுப்பைக் கழற்றி, நெஞ்சு, கழுத்து, தலை, அடிவயிற்றுப் பக்கம் முதலில் போர்த்திச் சூடாக்குங்கள். கை கால்களை முதலில் சூடாக்கக் கூடாது. சுடுதண்ணீர்க் குளிப்பு வேண்டாம். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சீனி போட்ட இளஞ்சூட்டுத் தேத்தண்ணி கொடுக்கலாம். மெதுவாகக் கையாளுங்கள், பிடித்து உலுக்கினால் குளிர்ந்த இதயத்தின் துடிப்பே குழம்பிவிடும்.

கொஞ்சம் சாராயம் குடித்தால் சூடு வருமே?

தோலுக்கு இரத்தம் ஓடுவதால் சூடுபோல் தெரியும், உள்ளே இருக்கும் சூடுதான் வெளியே போகிறது. குடித்துவிட்டு வெளியே போகவே கூடாது.

மகனுடைய பில் ஏறுமே என்று ஹீற்றரைக் குறைத்துவைக்கிறோம். சரியா?

சரியில்லை. வயதானவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே உடம்பு குளிர்ந்துபோகலாம், 18 பாகைக்குக் கீழே வீட்டை விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூட வேண்டும். ரொறன்ரோவில் வாடகை வீடென்றால், சூட்டை வீட்டுக்காரர் கட்டுப்படுத்தும் இடங்களில் குளிர்காலத்தில் 21 பாகையாவது தர வேண்டும் என்பது மாநகர விதி, தராவிட்டால் மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். நம் பிள்ளைகள் பலர் பேஸ்மென்றில் இருக்கிறார்கள், ‘வீட்டுக்காரர் எங்கட ஆள், எப்படிக் கேட்பது’ என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கேளுங்கள்.

மின் ஹீற்றர் வைத்தால் திரை, கட்டில், உடுப்பு எல்லாம் ஒரு மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், அதன்மேல் சேலை காயப்போடக் கூடாது, நீட்டு வயரில் செருகக் கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து காபன் மொனொக்சைட். மணமில்லை, நிறமில்லை, தலையிடியும் தலைச்சுற்றும் குமட்டலும் வரும், தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தால் எழும்ப மாட்டீர்கள். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது, சிலருக்கு நத்தார் முடிந்த பிறகும் வரவில்லை. அப்படிப்பட்ட நாளில்தான் ஆட்கள் கரி அடுப்பை வீட்டுக்குள் எடுக்கிறார்கள். சிரட்டைக்கரியில் தணல் போட்டுக் குளிர்காய்வது இங்கே, நாலு பக்கமும் காற்றோடும் வீட்டில் சரி. அங்கே யன்னல் எல்லாம் காற்றுப் புகாமல் அடைத்த வீடு. கரி, ஜெனரேற்றர், காஸ் அடுப்பு எதையும் அறையைச் சூடாக்க உள்ளே எரிக்காதீர்கள், தணலில் சாம்பிராணி போடுவதையும் அங்கே விட்டுவிடுங்கள். படுக்கை அறைக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாம் இருக்கிறதா என்று வந்த முதல் நாளே பாருங்கள், அதன் பொத்தானை அழுத்தினால் சத்தம் வர வேண்டும். உண்மையிலேயே அலறினால் எல்லோரும் வெளியே போய்த்தான் 911 அழைக்க வேண்டும். கரண்ட் போனால் எல்லோரும் ஒரே அறையில், கதவிடுக்கில் துணி வைத்து, இருக்கிற போர்வை அத்தனையும் போட்டு இருங்கள்.

சும்மா இருக்கிறேன், பனியை நான் அள்ளட்டுமா என்று அப்பா கேட்கிறார்.

அப்பாவை விடாதீர்கள், இதயவருத்தமோ பிரஷரோ சீனி வருத்தமோ உள்ள ஆளென்றால் கண்டிப்பாக வேண்டாம். குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கும், பாரத்தைக் கையால் தூக்குவது இதயத்தை ஓடவைக்கும், மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும், மூன்றும் ஒரே நேரத்தில். ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் மாரடைப்பு வருவது இதனால்தான், தெற்காசியர்களுக்கு இதயநோய் இளம் வயதிலேயே வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இளையவர்கள் அள்ளினாலும் தூக்கி எறியாமல் தள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. நெஞ்சு இறுகினால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும், முடித்துவிட்டு வருகிறேன் என்று நிற்பதில்லை.

வழுக்கி விழாமல் நடப்பது எப்படி?

நனைந்த தார்போல் கறுப்பாகத் தெரியும் இடம் பனிக்கட்டியாக இருக்கலாம். பாதத்தை முழுதாக வைத்து, சின்ன அடியாக, கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து நடங்கள். படியில் உப்புப் போடலாம், மைனஸ் 10 க்குக் கீழே உப்பு நன்றாக வேலை செய்யாது, மணல் போடுங்கள், பிடிப்பாவது இருக்கும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் வேறென்ன பார்க்க வேண்டும்?

காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் உறைவதும் தெரியாது, சுடுவதும் தெரியாது. ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் சொக்ஸைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள், விரலிடுக்கையும். படுக்கையில் சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலோடு வைக்கக் கூடாது. இன்சுலினைப் பயணத்தில் கைப்பையில் வையுங்கள், அங்கே காரில் விட்டுவிடாதீர்கள், ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் பிரயோசனமில்லை.

கைக்குழந்தையை எப்படி வெளியே கொண்டுபோவது?

உங்களைவிட ஒரு அடுக்குக் கூட. ஆனால் கார் இருக்கையில் பொம்மிய ஜக்கெற்றோடு பட்டி கட்டக் கூடாது, மோதினால் அது அமுங்கி பட்டி தளர்ந்துவிடும், பட்டியைக் கட்டிவிட்டு அதன்மேல் போர்வையைப் போடுங்கள். தொட்டிலில் தூங்கும்போது தளர்ந்த போர்வை வேண்டாம்.

கார் பனியில் நடுவழியில் நின்றுவிட்டால் இறங்கி நடக்கலாமா?

நடக்காதீர்கள், காருக்குள்ளேயே இருங்கள், காரைத்தான் தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம்போல இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கலாம், ஆனால் அதற்கு முன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து அகற்ற வேண்டும், யன்னலையும் ஒரு விரல் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன அதே நச்சுவாயு. போர்வை, ரோர்ச், சின்ன மண்வெட்டி, சாப்பிட ஏதாவது காரில் எப்போதும் கிடக்கட்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 இலிருந்து மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம்.

கடலோரம் வளர்ந்த பிள்ளை, நீச்சல் தெரியும். உறைந்த ஏரியில் நடந்தால் என்ன?

நிலாவெளிக் கடலில் நீந்தின தைரியம் அங்கே உதவாது. பனிக்கட்டித் தண்ணீருக்குள் விழுந்த முதல் நிமிடம் மூச்சு தானாகவே இழுத்து இழுத்து வாங்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் அத்தோடு முடிந்தது. அடுத்த பத்து நிமிடத்துக்குள் கை கால் சொன்னபடி கேட்காமல் போகும், நீச்சல் வீரனுக்கும்தான். நடப்பதற்கே 15 சென்ரிமீற்றர் தடிப்பான நல்ல கட்டி வேண்டும், மேலே நின்று பார்த்தால் தடிப்புத் தெரியாது. மாநகரம் திறந்துவிட்ட சறுக்குத் தளங்கள் இருக்கின்றன, பிள்ளையை அங்கே கூட்டிப்போங்கள்.

எல்லையைப் பனிக்காலத்தில் நடந்து கடக்கலாம், கொஞ்சத் தூரம்தான் என்று ஏஜென்ட் சொல்கிறாரே?

இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில்லை, ஆனால் வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் மனிற்றோபாவின் எமர்சன் ஊருக்கு அருகே, அமெரிக்க எல்லையிலிருந்து 12 மீற்றர் தூரத்தில், குஜராத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உறைந்து இறந்து கிடந்தது. தாய், தகப்பன், 11 வயது மகள், 3 வயது மகன். காற்றோடு மைனஸ் 35. வெட்ட வெளி, இருட்டு, அடிக்கிற பனியில் பாதையே தெரியாது. அவர்களுக்கும் யாரோ ஒருவர் கொஞ்சத் தூரம்தான் என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார். போகாதீர்கள், போக நினைக்கும் பிள்ளையை விடவும் விடாதீர்கள்.

அம்மா அங்கே, நான் இங்கே. போனில் என்ன கேட்பது?

“குளிரா அம்மா?” என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்லுவா. சுவரில் இருக்கும் ஹீற்றர் கருவியில் சூடு எத்தனை பாகை காட்டுகிறதென்று பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். இன்று வெளியே போனீர்களா, காலில் என்ன போட்டீர்கள், திறப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோ நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால், இங்கே இரவு எட்டு மணிக்கு எடுத்தால் அங்கே காலை ஒன்பதரை, மகளும் மருமகனும் வேலைக்குப் போய் அம்மா தனியாக இருக்கும் நேரம். வழமையாகக் கணீரென்று கதைக்கிற ஆள் சொல்லைத் தேடினாலோ, நாக்குத் தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ போனை வைத்துவிட்டு உடனே மகளுடைய வேலையிடத்துக்கு எடுங்கள். அதற்காக அந்த இலக்கத்தையும், பக்கத்து வீட்டுக்காரருடைய இலக்கத்தையும் அம்மா விமானம் ஏறும் முன்பே வாங்கிவையுங்கள்.